வேட்டைப் பேச்சில் எதை நம்புவது?

பர்கூர் மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். நிலக்கடலை பிடுங்கும் காலம் வந்தால், ராக்காவலுக்குப் போகிறவர்கள் பொழுது சாய்ந்ததும் பெரியப்பா வீட்டுத் திண்ணைக்கு வந்து சேருவார்கள். காவலுக்குக் கிளம்பும்வரை பேச்சு. பேச்சென்றால் வேட்டைதான். எந்தப் பள்ளத்தில் யார் எவ்வளவு பெரிய பன்றியைச் சாய்த்தார்கள், யாருடைய நாய் கடைசிவரை விடாமல் நின்றது, யாருக்குக் குறி தப்பியது என்று போய்க்கொண்டிருக்கும். பெரியப்பாவிடம் பயிர்ப் பாதுகாப்பு உரிமத்தில் ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. தேர்தல் அறிவித்ததும் அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு வருவார். திண்ணையில் துப்பாக்கி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். மிகக் குறைவாகப் பேசியவரும் அவரே.

ஒரு ராத்திரி பக்கத்துத் தோட்டத்துப் பையன் மூச்சிரைக்க ஓடிவந்தான். பட்டிக்குப் பக்கத்தில் சிறுத்தைத் தடம் கிடக்கிறதாம். திண்ணை முழுக்கக் கதை கிளம்பிவிட்டது. போன மாதம் ஆடு காணாமல் போனது, மேட்டுக் காட்டில் யாரோ உறுமல் கேட்டது எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. பெரியப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு நடந்தார். சிறுவர்கள் நாங்களும் பின்னால் போனோம். அவர் குத்தவைத்து, டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்தார். "மேலருந்து அடிச்சா ஒண்ணும் தெரியாது கண்ணு. பக்கத்தால அடி. நெழல் உழுந்தாத்தான் தடம் பேசும்" என்றார். சாய்ந்த வெளிச்சத்தில் தடத்தின் விளிம்பெல்லாம் எழுந்து நின்றது. விரல்களுக்கு முன்னால் நான்கு சின்னப் புள்ளிகள். "நகம் பதிஞ்சிருக்குது பாரு. சிறுத்தை நடக்கறப்ப நகத்த உள்ள இழுத்துக்கும். இது நாயி. விளிம்பு காஞ்சு உதிருது, நேத்துச் சாயங்காலத்துத் தடம்." அவ்வளவுதான். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

இந்தியாவில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972இல். அதன் பிறகும் சில விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட இடம் இருந்தது. 1991 திருத்தம் அந்த வாசலையும் அடைத்தது. வேட்டை போய்விட்டது, அல்லது இருட்டுக்குள் போய்விட்டது. பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. காடு சுற்றுகிறவர்கள், மீன்பிடிக்கப் போகிறவர்கள், மலையேறுகிறவர்கள், நாட்டுநாய் வளர்ப்பவர்கள், எஸ்டேட்காரர்கள் என்று யார் கூடினாலும் ஒரு மணி நேரத்துக்குள் அங்கே வந்து நிற்கும். அதில் சில கருத்துகள் திரும்பத் திரும்ப வரும். வேட்டைக்காரன்தான் காட்டைக் காப்பாற்றினான். காட்டுக்கறி மருந்து. பன்றியைச் சுடவிட்டால் ஒரே வருஷத்தில் தொல்லை தீரும். சட்டம் ஏழையைத்தான் பிடிக்கிறது. இவற்றில் முழுப்பொய் கொஞ்சம், முழு உண்மையும் கொஞ்சம். மீதியெல்லாம் கலப்படம். எல்லாவற்றையும் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

முதலில் வீரக்கதைகள். இவற்றுக்கு நம் மொழியில் வயது அதிகம். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டில், ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்ச் செருகி நிற்கிறது. படித்தவர்கள் எல்லோருக்கும் இந்த அம்பு நினைவிருக்கும். அதே பாட்டில் ஓரி தான் கொன்ற மானின் கறியையும் மதுவையும் மலைப்பொன்னையும் முன்பின் தெரியாத பாணர் கூட்டத்துக்குக் கொடுப்பது பலருக்கு நினைவில்லை. பாட்டின் கனம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களும் குறி பற்றிப் பேசியதைவிடப் பங்கு பற்றிப் பேசியதே அதிகம். சுட்டவனுக்கு எது, தடம் பார்த்தவனுக்கு எது, வராமல் போன விதவை வீட்டுக்கு எது, மறித்து நின்ற நாய்க்கு எது என்பதில் சண்டையே வரும். கொங்கு நாட்டில் ஊருக்கு வெளியே நிற்கும் புலிகுத்திக் கற்களும் இந்த வகைதான். மாட்டைக் காக்கப் போய்ப் புலியோடு பொருதி இறந்தவனுக்கு ஊரார் நட்ட கல் அது. பொழுதுபோக்குக்குச் சுட்டவனுக்கு அப்படிக் கல் நட்டதை நான் எங்கும் பார்த்ததில்லை.

துரைமார் எழுதிய புத்தகங்கள் வந்த பிறகு பேச்சின் நிறம் மாறியது. ஜிம் கார்பெட்டின் குமாயுன் ஆட்கொல்லிகள் நூல் 1944இல் வந்தது. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சனின் முதல் நூல் 1954இல். ஆண்டர்சனின் காடு நமக்குப் பக்கத்துக் காடு. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரி என்று அவர் எழுதும் ஊர்களெல்லாம் அன்றைய சேலம் மாவட்டத்தில் இருந்தவை. இன்றும் ஓசூர்ப் பக்கம் பைக்கில் சுற்றும் இளைஞர்கள் அந்த ஊர்ப் பெயர்களை ஒப்பித்துக்கொண்டே போவதைக் கேட்டிருக்கிறேன். நல்ல கதைசொல்லி அவர். எந்தச் சம்பவம் எந்தத் தேதியில் எப்படி நடந்தது என்று அவர் நூலை வைத்து வழக்காட முடியாது. ஆனால் கடமான் குரல் கொடுத்தால் என்ன பொருள், மந்தி கத்தினால் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், காற்று திரும்பினால் பரணில் உட்கார்ந்திருப்பதே வீண் என்றெல்லாம் அவர் சொல்வதை இன்றும் காட்டுக்குள் போய்ச் சரிபார்க்கலாம். வேட்டை நூல்களில் நான் நம்புவது இந்தப் பகுதியைத்தான்.

கார்பெட்டைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியை அவர் 1907இல் சுட்டார். வாயைத் திறந்து பார்த்தபோது வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. அது பழைய துப்பாக்கிக் காயம் என்று அவரே எழுதியிருக்கிறார். எவனோ ஒருவன் சரியாகக் குறிபார்க்காமல் சுட்டுவிட்டு, காயப்பட்ட விலங்கைத் தேடிப் போகாமல் வீடு திரும்பியிருக்கிறான். அவன் அன்று இரவு எந்தத் திண்ணையில் என்ன கதை சொல்லியிருப்பானோ. தப்பிய குண்டு வேட்டைப் பேச்சில் சிரிப்புக்கு உரிய விஷயமாகவே வரும். சம்பாவத் ஊர்க்காரர்களுக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது.

வேட்டைக்காரன்தான் காட்டைக் காப்பாற்றினான் என்ற கருத்துக்கு வருவோம். இதற்கு நீலகிரியில் நல்ல ஆதாரம் இருக்கிறது. 1877இல் அங்கே வேட்டைக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டில், 1879இல், நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டைக்கு மூடிய பருவம், உரிமம், எண்ணிக்கைக் கட்டுப்பாடு எல்லாம் அதன் வழியாக வந்தவை. அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் போயிருந்தால் நீலகிரி வரையாடு இன்று நமக்கு மிஞ்சியிருக்காது என்று சொல்வதில் தவறில்லை. 2024இல் தமிழக வனத்துறை நடத்திய கணக்கெடுப்பில் வரையாடுகள் 1,031 இருந்தன.

இது பாதிக்கதைதான். அதே வேட்டைக்காரர்களுக்குச் செந்நாய் ஆகாது. மானையும் கடமானையும் கூட்டமாகத் துரத்தி, உயிரோடு இருக்கும்போதே கிழிக்கிறது. ஈவிரக்கம் இல்லாத பிராணி. இது இருந்தால் நமக்கு மான் மிஞ்சாது. இதுதான் அன்றைய கிளப்புகளின் பேச்சு. பேச்சு கருத்தாகி, கருத்து அரசாணையாகி, செந்நாயைக் கொன்றால் பரிசுப்பணம் என்ற நிலை வந்தது. பிரிட்டிஷ் இந்தியா முழுக்கச் செந்நாய் அப்படித்தான் கொன்று குவிக்கப்பட்டது. செந்நாய் இருந்த காட்டில் மான் அழிந்துபோனதா என்று யாரும் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கவில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக இரண்டும் ஒரே காட்டில்தான் இருந்து வந்திருக்கின்றன என்ற எளிய விஷயம் அந்தப் பேச்சுக்குள் நுழையவில்லை. வேட்டைக்காரன் காத்தது தனக்கு வேண்டிய விலங்கை. வேண்டாததை அவனே முன்நின்று அழித்தான்.

அமெரிக்காவை உதாரணம் காட்டுவோர் இப்போது கூடிவிட்டார்கள். அங்கே 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் வரி காட்டுயிர்ப் பணிகளுக்குப் போகிறது. நீள்குழல் துப்பாக்கிக்கு 11 விழுக்காடு. அதற்கு முன்பே, 1934 முதல், வாத்து வேட்டைக்குப் போகிறவர் ஒரு வில்லை வாங்க வேண்டும், அந்தப் பணத்தில் சதுப்பு நிலங்கள் வாங்கிக் காக்கப்படுகின்றன. அது உண்மையிலேயே பயன் தந்த ஏற்பாடு, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது நடப்பது ஆளில்லா நிலம் ஏராளமாக இருக்கும் நாட்டில். நம் காட்டு விளிம்பில் ஒவ்வொரு ஏக்கரிலும் ஒரு குடும்பமும் நான்கு ஆடுகளும் இருக்கின்றன. விறகு பொறுக்கப் போன பெண் இருக்கிறாள். புதருக்குள் அசைவது பன்றியா ஆளா என்று தெரியாமல் சுட்ட கதைகளும் திண்ணையில் உண்டு. அந்தக் கதைகளை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்.

வேட்டையில் தொடங்கி மனம் மாறியவர்கள் சொன்னதற்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுக்கிறேன். குன்னூரில் வழக்கறிஞராக இருந்த இ.ஆர்.சி. தாவீதார் அப்படி ஒருவர். துப்பாக்கியோடு காட்டுக்குள் போனவர், பிறகு 1970களில் அதே மலைகளில் வரையாடுகளை எண்ணிக்கொண்டு நடந்தார். மா. கிருஷ்ணனும் இங்கே நினைவுக்கு வருகிறார். எழுத்தாளர் மாதவையாவின் மகன். 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ஒரே நாளிதழில் இயற்கைப் பத்தி எழுதினார். காட்டு விலங்கைப் பார்க்க அவர் கொண்டுபோனது கேமரா. வேட்டைக்காரன் அளவுக்குப் பொறுமையும் காற்றறிவும் இல்லாமல் அவர் எடுத்த யானைப் படங்களை எடுத்திருக்க முடியாது.

காட்டுக்கறி மருந்து என்பதைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கலாம். உடும்பு ரத்தம் முதுகுவலிக்கு, பழந்தின்னி வௌவால் கறி இளைப்புக்கு, முயல் ரத்தம் முடி வளர, நரிக்கொம்பு அதிர்ஷ்டத்துக்கு. நரிக்குக் கொம்பே கிடையாது. மற்றவற்றுக்கும் எந்தச் சோதனையிலும் ஆதாரம் இல்லை. இளைப்புக்கு அரசு மருத்துவமனையில் இன்ஹேலர் கிடைக்கும் காலத்தில், நோயாளிக் குழந்தைக்கு வௌவால் கறி ஊட்டுவது எனக்குக் கோபத்தையே தருகிறது. உடும்பைக் கொன்றவருக்குச் சட்டப்படி குறைந்தது 3 ஆண்டு சிறை என்பதும் பலருக்குத் தெரியாது. தேவாங்கின் மேல் ஏற்றிய மாந்திரீகக் கதைகளால் அந்தச் சின்னஞ்சிறு பிராணி பட்டபாடு சொல்லி மாளாது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தை 2022இல் அறிவித்திருக்கிறார்கள். அதைச் சுற்றியுள்ள ஊர்களில் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாக மாறும் என்று நம்புகிறேன்.

இனிக் காட்டுப்பன்றி. வேட்டைப் பேச்சில் இன்று உயிரோடு எரியும் கேள்வி இது ஒன்றுதான்.

ராக்காவல் இருந்து பார்க்காதவருக்கு இதன் வலி புரியாது. மரவள்ளியை மூக்கால் கிண்டிப் புரட்டிவிட்டுப் போன வயலை விடியற்காலையில் பார்த்தால் ஏர் ஓட்டியது போல் இருக்கும். கடலைக்காட்டில் ஒரு கூட்டம் இறங்கினால் விதைச்செலவுகூடத் தேறாது. பழைய சேலைகளை வரப்பைச் சுற்றிக் கட்டுவார்கள். சலூனிலிருந்து முடி வாங்கிவந்து தூவுவார்கள். பட்டாசு, தகரடப்பா, ரேடியோ என்று எல்லாம் வைத்துப் பார்ப்பார்கள். சில நாள் பயப்படும், பிறகு பழகிவிடும். நஷ்டஈட்டுக்கு அலைந்து அலுத்துப்போன உழவர், "சுட விடுங்க, ஒரு வருஷத்துல பாத்துக்கறோம்" என்று சொன்னால் அது ரத்தவெறி கிடையாது. இதைப் பட்டணத்துக் காட்டுயிர் ஆர்வலர்கள் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அரசுகளும் ஒப்புக்கொண்டுதான் இருக்கின்றன. கேரளம் 2022இல் ஊராட்சித் தலைவருக்கே அதிகாரம் கொடுத்தது. உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர் அவர் உத்தரவோடு சுடலாம், கறியை எடுக்கக் கூடாது, புதைக்க வேண்டும். தமிழ்நாடு 2025 ஜனவரியில் மூன்று வளையம் போட்டது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர்வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு வெளியே வனத்துறைப் பணியாளர் சுடலாம். மூன்று வளையத்துக்கும் காரணம் உண்டு. காட்டுக்குள் பன்றி என்பது புலிக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் இரை. அங்கே அதைக் குறைத்தால், பசித்த சிறுத்தை அடுத்துத் தேடி வருவது ஆட்டுப்பட்டியை.

சுட்டால் தீருமா என்பது தனிக் கேள்வி. இங்கேதான் திண்ணைக் கருத்து தடுமாறுகிறது. பன்றி ஓர் ஈற்றில் நாலைந்து குட்டி போடும், தீவனம் நன்றாக இருந்தால் கூடுதலாகவும் போடும். குட்டியும் சீக்கிரம் பருவத்துக்கு வரும். ஐரோப்பாவில் ஆண்டுதோறும் பெருந்தொகையில் வேட்டையாடியும் பன்றிகள் பெருகிக்கொண்டேதான் போகின்றன. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நடந்ததை நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் படித்துக் காட்ட வேண்டும். 1999இல் மாநிலம் முழுக்கப் பன்றி வேட்டையைத் திறந்துவிட்டார்கள். வேட்டையில் ருசி கண்டவர்கள் பன்றிகளைப் பிடித்து வண்டியில் ஏற்றித் தங்கள் பக்கத்துக் காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள், அடுத்த பருவத்தில் சுட வேண்டுமே. சுமார் 15 மாவட்டங்களில் இருந்த பன்றி 80 மாவட்டங்களுக்குப் பரவியது. 2011இல் விளையாட்டு வேட்டையை நிறுத்தி, நிலத்துக்காரர் தன் நிலத்தில் கட்டுப்படுத்தலாம் என்று மட்டும் வைத்தார்கள். தொல்லையைத் தீர்க்கச் சுடுவதும் ஆசைக்குச் சுடுவதும் வேறுவேறு என்பதை அந்த மாநிலம் பன்னிரண்டு ஆண்டு விலை கொடுத்துக் கற்றது.

துப்பாக்கி கிடைக்காத இடத்தில் நடப்பது இன்னும் கொடுமை. எங்கள் பக்கம் அதற்கு அவுட்டுக்காய் என்று பெயர். வெடிமருந்தை உருட்டி, பழத்துக்குள்ளோ மாவுக்குள்ளோ பொதிந்து, பன்றி வரும் தடத்தில் வைத்துவிடுவார்கள். கடித்தால் வாய் சிதறும். கடிப்பது பன்றிதான் என்று யார் உறுதி சொல்வது? 2020 மே மாதம் பாலக்காட்டுப் பக்கம் வெள்ளியாற்றில் நின்றபடியே செத்த கர்ப்பிணி யானையை நாடே படத்தில் பார்த்தது. இலங்கையில் இதையே ஹக்கபட்டாஸ் என்கிறார்கள். அங்கேயும் அதில் சிக்கி, தின்ன முடியாமல் பட்டினியில் நாள்கணக்கில் துடித்துச் சாவது இளம் யானைகள். வன்னிக் காட்டில் கயிறு தட்டினால் வெடிக்கும் கட்டுத்துவக்கு வேறு இருக்கிறது, அது மனிதக் காலையும் கேட்காமல் எடுத்துவிடும். மின்வேலி இதன் தம்பி. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் செத்து விழுந்தன. இரண்டு குட்டிகள் தாயைச் சுற்றியே நின்றுகொண்டிருந்தன. எந்தத் திண்ணையிலும் யாரும் அவுட்டுக்காய் வைத்ததைப் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. வைக்கிறவர்களுக்கே அது வேட்டை இல்லை என்று தெரிந்திருக்கிறது.

ஆகப் பன்றி விஷயத்தில் என் முடிவு இது. காட்டைவிட்டு விலகிய விளைநிலத்தில், பயிற்சி பெற்ற அரசு ஆள் சுடட்டும். உழவர் புகார் கொடுத்தால் மாதக்கணக்கில் காத்திராமல் சில நாளில் ஆள் வரட்டும். ஆள் வராத ஆணை அவுட்டுக்காய்க்குத்தான் வழிவிடும். அதோடு பயிர் நஷ்டத்துக்குப் பணம் அதே பருவத்துக்குள் கைக்கு வர வேண்டும். அடுத்த விதைப்புக்குப் பிறகு வரும் பணத்தால் யாருடைய கோபமும் ஆறாது.

சட்டம் ஏழையைத்தான் பிடிக்கிறது என்ற புகாரில் நிறைய உண்மை இருக்கிறது. துரைகளும் ஜமீன்தார்களும் உரிமம் வாங்கிச் சுட்ட காலத்தில் அதற்கு விளையாட்டு என்று பெயர். அதே காட்டில் கண்ணி வைத்துக் காடை பிடித்தவன் திருடன். 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. வேட்டையால் பிழைத்த நரிக்குறவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2006 வன உரிமைச் சட்டம் காட்டுவாசிகளின் மரபுரிமைகள் பலவற்றை ஏற்றுக்கொண்டபோதும் வேட்டையைத் தெளிவாக விலக்கிவிட்டது. அந்த விலக்கைச் சரி என்றே சொல்வேன். ஆனால் வேட்டையை விட்ட மனிதனுக்கு அதற்கு ஈடான பிழைப்பை யாரும் கையில் கொடுக்கவில்லை. பழைய மாளிகைச் சுவர்களில் பதப்படுத்திய கொம்புகள் இன்றும் கௌரவமாகத் தொங்குகின்றன. முயலோடு பிடிபட்டவன் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறான்.

காணும் பொங்கலுக்கும் சிவராத்திரிக்கும் சில ஊர்களில் இன்றும் கூட்டமாக வேட்டைக்குக் கிளம்புகிறார்கள். சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கம் வங்காநரியைப் பிடித்துவந்து கோயில் முன் ஓடவிட்டுப் பிறகு காட்டில் விடும் வழக்கம் இருக்கிறது. வனத்துறை ஆண்டுதோறும் எச்சரித்து அபராதமும் போடுகிறது. நரி முகத்தில் விழித்தால் மழை வரும் என்ற நம்பிக்கையை நான் பழிக்க மாட்டேன். மிரண்டுபோன நரி அந்த வெயிலில் எப்படி மூச்சுவாங்கும் என்பதை நம்பிக்கை உள்ளவர்களே ஒரு முறை குனிந்து பார்த்தால் போதும்.

அதே தமிழ்நாட்டில் வேட்டைக்கு எதிரான பேச்சும் ஊர்க்காரர்களிடமே பழசாக இருக்கிறது என்பதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நொண்டியாகிவிடும். வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைச் சிப்பாய்கள் சுடுகிறார்கள் என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனெல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்பு வாங்கினார்கள். அவர்கள் கணக்கு தெளிவானது. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக வரும். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியிலும் கொள்ளுக்குடிப்பட்டியிலும் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடியே வைப்பதில்லை. இந்த ஊர்களில் வளரும் சிறுவன் திண்ணையில் கேட்கும் கதை வேறு. எந்த வருஷம் எத்தனை கூடு இருந்தது, எந்த நாரை முதலில் வந்தது என்பதே அவனுக்குப் பெருமை.

கடைசியாக அறிவு. தடம் பார்ப்பது, எச்சம் பார்ப்பது, காற்றுக்கு ஒரு சிட்டிகை சாம்பலைத் தூவிப் பார்ப்பது, ஈரமண்ணில் பன்றிக் குளம்புக்குப் பின்னால் இரண்டு பக்கமும் பதியும் சிறு நகங்களை வைத்து அதை மானிலிருந்து பிரிப்பது. இதெல்லாம் வேட்டைக்காரர்கள் பல தலைமுறையாகச் சேர்த்த சொத்து. இந்த அறிவை அரசே ஒரு காலத்தில் எடுத்துக்கொண்டது. புலியின் காலடித் தடத்தை வைத்து எண்ணும் முறையை ஒடிசாவின் சரோஜ் ராஜ் சௌத்ரி 1960களில் வகுத்தார். 1972 கணக்கெடுப்பில் நாட்டில் 1,827 புலிகள் என்று வந்ததும் அடுத்த ஆண்டே புலிகள் திட்டம் தொடங்கியதும் அந்த வழியில்தான். பிறகு அந்த முறையில் திண்ணை புகுந்துவிட்டது. தடத்தைப் பார்த்தவர் சொன்னதே கணக்கு, சரிபார்க்க ஆள் இல்லை. தாளில் புலிகள் குறையாமல் இருந்தன. ராஜஸ்தானின் சரிஸ்காவில் 2004-05இல் போய்ப் பார்த்தபோது ஒரு புலிகூட இல்லை. அதன் பிறகுதான் தானியங்கிக் கேமராவும் உடல்வரிகளை ஒப்பிடும் முறையும் நாடு தழுவிய கணக்கெடுப்புக்குள் வந்தன. 2022 கணக்கில் நாட்டில் 3,682 புலிகள், தமிழ்நாட்டில் 306.

தடம் பார்க்கும் அறிவு அதனால் பொய்யாகிவிடவில்லை. 2021இல் மசினகுடிப் பக்கம் டி-23 என்ற புலியை வேட்டையாட உத்தரவு வந்து, கொல்லக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, காட்டையறிந்த ஆட்கள் மூன்று வாரம் தேடி அதை மயக்க ஊசியால் உயிரோடு பிடித்தார்கள். கேமராவும் ட்ரோனும் கூடவே இருந்தன, தடம் பார்க்கும் கண்ணும் வேண்டியிருந்தது. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போனார்கள். அங்கே சதுப்புக் காட்டில் பெருகிப்போன மலைப்பாம்புகளைக் கையால் பிடித்துக் காட்டினார்கள். புல் சாய்ந்திருப்பதையும் எச்சத்தையும் பார்த்தே வளை எங்கே என்று சொன்னார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. இருளர்களுக்கு 1978 முதல் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்பைக் கொன்று தோலை விற்ற கைகள் விஷம் எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகின்றன, அந்த விஷத்தில் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. வேட்டை அறிவுக்கு இதைவிட நல்ல மறுவாழ்வு எனக்குத் தெரியவில்லை. பன்றித் தடம் தெரிந்தவருக்கும் முயல் தடம் தெரிந்தவருக்கும் இப்படி ஒரு சங்கம் ஏன் இன்னும் இல்லை?

போன தையில் எங்கள் மலையில் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரோடு ஒரு நாள் நடந்தேன். மலைக்காரப் பையன், முப்பது வயது இருக்கும். அப்பா வேட்டைக்குப் போனவர் என்று தயங்காமல் சொன்னார். உண்ணிமுள் புதருக்கு நடுவே ஒரு சந்தில் நின்று, குச்சியால் இலையை விலக்கினார். பைக் கிளட்ச் வயரில் செய்த சுருக்கு. தரையிலிருந்து ஒரு முழ உயரம், பன்றிக் கழுத்துக்கு அளவெடுத்தது போல. சிறுத்தைக் கழுத்துக்கும் அதே அளவுதான். முடிச்சை விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கீழ்ப்பள்ளத்து ஆளுங்க முடிச்சுங்க. எங்கூர்ல ரெண்டு சுத்துச் சுத்துவோம், இவங்க ஒண்ணுதான். துரு ஏறலே. வெச்சு நாலு நாள்கூட ஆகியிருக்காது."

வயரைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்பாமல் சரிவில் இறங்கினார். ஒன்று இருந்தால் அதே தடத்தில் இன்னும் மூன்று நான்கு இருக்கும், இருட்டுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்றார்.